வார இறுதியில் இளைப்பாறிவர ஒரு சிறிய ஊரை எப்படித் தேர்ந்தெடுப்பது?

வேலை அலுப்புத் தீர இரண்டு நாள் தங்கிவர அழகான சிறிய ஊர் ஒன்றை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். பட்டியல்களைப் பார்த்துப் போன இடங்களிலிருந்தெல்லாம் புறப்பட்டபோது இருந்ததைவிடக் களைத்துப்போய்த்தான் திரும்பினோம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். எனக்கும் அப்படித்தான் இருந்தது. இப்போது ஓர் ஊரைப் பற்றி நான் முதலில் விசாரிப்பது அதன் அழகைப் பற்றி அன்று. மாலை ஐந்து மணிக்குப் பிறகும் காலை ஒன்பது மணிக்கு முன்பும் அங்கே பொழுது எப்படிக் கழிகிறது என்பதைத்தான்.

இந்த வழக்கம் வந்தது ஒரு தவறான முடிவினால். சில ஆண்டுகளுக்கு முன்பு, படங்களில் மிகவும் புகழ்பெற்ற ஓர் ஏரிக்கரை ஊருக்கு நானும் என் மனைவியும் ஒரு சனிக்கிழமை நண்பகலில் போய்ச் சேர்ந்தோம். இரண்டு பேர் ஒன்றாக நடக்க முடியாத தெருவில் இருநூறு பேர் கைப்பேசியை உயர்த்திப் பிடித்தபடி நின்றிருந்தார்கள். உட்கார ஓர் இடம் இல்லை. உடனே திரும்பிவிடலாம் என்று மனைவி சொன்னாள். அறைக்குப் பணம் கட்டிவிட்ட ஒரே காரணத்தால் தங்கினோம். மாலையில் கடைசிச் சுற்றுலாப் பேருந்து கிளம்பிப் போன அரை மணி நேரத்தில் ஊரே வேறாகிவிட்டது. கடைக்காரர்கள் கதவைச் சாத்திவிட்டுத் தங்களுக்குள் பேசத் தொடங்கினார்கள், படகுகளைக் கட்டும் ஓசை கேட்டது, காலையிலிருந்து ஒளிந்திருந்ததுபோல் பிள்ளைகள் மிதிவண்டிகளுடன் வெளியே வந்தார்கள். மறுநாள் ஒன்பதரை மணிக்கு முதல் பேருந்து வரும்வரை அந்த ஊர் எங்களுடையதாக இருந்தது. நாங்கள் அங்கே இளைப்பாறியது அந்தப் பதினைந்து மணி நேரம் மட்டும்தான்.

ஆஸ்திரியாவின் ஹால்ஸ்டாட் இதற்கு நன்கு அறியப்பட்ட உதாரணம். ஏறக்குறைய 750 பேர் வாழும் அந்த ஊருக்குப் பருவகாலத்தின் நெரிசலான நாள்களில் பத்தாயிரம் பேர்வரை வந்து போகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் சில மணி நேரத்தில் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறவர்கள். பெயர்பெற்ற ஊரொன்றில் இரவு தங்க முடியாதென்றால் அங்கே போகாதிருப்பதே நல்லது என்பது என் கருத்து. தங்க முடியுமென்றால் கூட்டம் வருகிற நேரத்தையும் விலகுகிற நேரத்தையும் முன்கூட்டியே தெரிந்துகொண்டு, அந்த இடைப்பட்ட பகலில் ஊருக்கு வெளியே நடக்கப் போய்விடலாம்.

அடுத்தது தொலைவு. இங்கே பலரும் கிலோமீட்டரைப் பார்த்து ஏமாறுகிறார்கள். பார்க்க வேண்டியது உங்கள் வீட்டு வாசலிலிருந்து தங்கும் இடத்தின் வாசல்வரை ஆகும் நேரம். வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குப் புறப்பட்டு ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணிக்கு வீடு திரும்புகிறீர்கள் என்று வைத்துக்கொண்டால், கையில் இருப்பது 48 மணி நேரம். இரண்டு இரவு உறக்கத்துக்குப் பதினாறு மணி போக மிஞ்சுவது 32. ஒரு வழிப் பயணம் மூன்று மணி நேரமானால் 26 மணி நேரம் உங்களுக்குக் கிடைக்கிறது. ஐந்து மணி நேரமானால் 22 மட்டுமே, அதிலும் வெள்ளிக்கிழமை இரவு பதினொரு மணிக்கு இருட்டில் சாவியைத் தேடிக்கொண்டு நிற்பீர்கள். ஆகவே மூன்று மணி நேரம் என்பதை நான் எல்லையாக வைத்திருக்கிறேன். வண்டி மாறுவதையும் கணக்கில் கொள்ளுங்கள்: ஒரே ரயிலில் மூன்றரை மணி நேரம் உட்கார்ந்து போவதைவிட, இரண்டு முறை மாறி இரண்டரை மணி நேரத்தில் போவது உடம்பை அதிகம் வாட்டுகிறது.

இரண்டு இரவு என்று நான் அழுத்திச் சொல்வதற்கு வேறொரு காரணமும் உண்டு. புதிய இடத்தில் முதல் இரவு உறக்கம் சரியாக வருவதில்லை என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். அதன் காரணத்தை 2016-இல் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் விளக்கினார்கள். பழக்கமில்லாத அறையில் முதல் இரவு ஆழ்ந்து உறங்கும்போதும் மூளையின் ஒரு பாதி மற்றதைவிடக் குறைவாகவே உறங்குகிறது, வெளியே எழும் ஓசைக்கு அந்தப் பாதி விரைவாக விழித்துக்கொள்கிறது என்று அவர்கள் கண்டார்கள். அப்படியானால் ஒரே ஓர் இரவு தங்கித் திரும்புகிறவர் காவல் இருந்துவிட்டு வருகிறார் என்றே சொல்ல வேண்டும். சொந்தத் தலையணையை எடுத்துப்போவது கேலிக்குரியதாகத் தோன்றலாம், நான் எடுத்துப்போகிறேன். மேலும் ஒவ்வொரு முறையும் புதிய ஊரைத் தேடி அலையாமல், பிடித்துப்போன ஊருக்கே, முடிந்தால் அதே அறைக்கே, மறுபடியும் போவது புத்திசாலித்தனம் என்று நான் நினைப்பதற்கும் இந்த ஆய்வு ஒரு துணை.

சரி, எந்த மாதிரி ஊர்? பழைய வீடுகளும் குறுகிய தெருக்களும் சிதையாமல் நிற்கும் ஊர்களின் வரலாற்றைப் படித்தால் ஓர் உண்மை திரும்பத் திரும்பத் தென்படும்: அவற்றில் பல ஒரு காலத்தில் செழித்திருந்து, பிறகு வணிகமோ சாலையோ கடலோ வேறு பக்கம் போய்விட்டதால் பின்தங்கிப்போனவை. இடித்துக் கட்டப் பணமில்லாததால் பழையது தப்பித்தது. இங்கிலாந்தின் தென்கிழக்கில் உள்ள ரை ஒரு காலத்தில் கடலோரத் துறைமுகம்; மண் சேர்ந்து கடல் பின்வாங்கிவிட, இன்று ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் உள்ளே நிற்கிறது. வியட்நாமின் ஹோய் ஆன், ஆற்று முகத்துவாரம் தூர்ந்து பெரிய கப்பல்கள் தா நாங் துறைமுகத்துக்குப் போய்விட்டதால் அப்படியே உறைந்து நின்று, 1999-இல் உலகப் பாரம்பரியக் களமானது. (இன்று அங்கேயும் கூட்டம்தான்; அது வேறு கதை.) எனவே நீங்கள் போகக்கூடிய வட்டாரத்தின் வரைபடத்தை விரித்து, புதிய நெடுஞ்சாலை எந்த ஊரைச் சுற்றிக்கொண்டு போகிறது, எந்தத் துறைமுகம் இப்போது துறைமுகமாக இல்லை, எந்தச் சுரங்கம் மூடப்பட்டது என்று பாருங்கள். பட்டியல்களில் வராத நல்ல ஊர்கள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கின்றன.

ஆனால் பழமை மட்டும் போதாது. அங்கே ஆட்கள் வாழ வேண்டும். இத்தாலியின் சீவிதா தி பாஞ்ஞோரெஜோ என்னும் குன்றூர், நடைபாலம் ஒன்றின் வழியாக மட்டுமே செல்லக்கூடிய பேரழகு. அரித்துச் சரியும் பாறையின் மேல் இருப்பதால் 'செத்துக்கொண்டிருக்கும் நகரம்' என்றே அதை அழைக்கிறார்கள். நிலையாக வாழ்பவர்கள் ஒரு டஜன் பேர் அளவில்தான் இருக்கிறார்கள். பார்க்க வேண்டிய இடம், சந்தேகமில்லை. ஆனாலும் இரண்டு நாள் ஓய்வுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன், ஏனென்றால் தனக்கென்று ஒரு வேலை இல்லாத ஊரில் உங்களுக்கும் வேடிக்கை பார்ப்பதைத் தவிர வேறு வேலை இருக்காது.

இதற்கு நேர் எதிரான உதாரணம் ஜப்பானின் சுமாகோ. எடோ காலத்தில் கியோத்தோவையும் எடோவையும் (இன்றைய டோக்கியோ) இணைத்த நாகாசெண்டோ பெருவழியில் பயணிகள் தங்கும் ஊராக இருந்தது. ரயில் வேறு வழியில் போனதும் நலிந்தது. வீடுகளை விற்பதில்லை, வாடகைக்கு விடுவதில்லை, இடிப்பதில்லை என்ற மூன்று முடிவுகளை ஊர்க்காரர்கள் தாங்களாகவே எடுத்து 1971-இல் சாசனமாக்கிக்கொண்டார்கள். பகல் பொழுதில் முதன்மைத் தெருவில் வாகனம் கிடையாது, மின்கம்பிகளும் கண்ணில் படாது. பக்கத்து ஊரான மாகோமேயிலிருந்து ஏறத்தாழ எட்டு கிலோமீட்டர் மலைப்பாதையில் நடந்தே அங்கு போகலாம். பழைய தோற்றத்தைக் காப்பாற்றியவர்கள் அந்த வீடுகளில் வாழ்கிறவர்களே என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது.

நேரில் போகாமல் இதை எப்படிக் கண்டறிவது என்றால், வரைபடச் செயலியில் ஊரைப் பெரிதாக்கி மருந்துக் கடை, பள்ளிக்கூடம், சலவைக் கடை, ஆணியும் பூட்டும் விற்கும் இரும்புக் கடை ஆகியவை இருக்கின்றனவா என்று நான் தேடுகிறேன். பள்ளிக்கூடம் இருந்தால் பிள்ளைகள் இருக்கிறார்கள். நினைவுப்பொருள் கடைகளும் விடுதிகளும் மட்டுமே தெரிந்தால் அந்த ஊரை விட்டுவிடுகிறேன். விமர்சனங்களைப் படிக்கும்போதும் ஐந்து நட்சத்திரம் கொடுத்தவர்களைத் தாண்டிச் சென்று, 'மாலையில் எதுவுமே இல்லை, சலிப்பாக இருந்தது' என்று குறைபட்டு இரண்டு நட்சத்திரம் கொடுத்தவர்களைத் தேடுங்கள். உங்களுக்கு அதைவிட நல்ல பரிந்துரை கிடைக்காது.

அமைப்புகள் வழங்கும் அடையாளங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 'பிரான்சின் மிக அழகிய கிராமங்கள்' என்ற சங்கம் 1982 முதல் இயங்குகிறது. உறுப்பினராகும் ஊரில் 2000 பேருக்கு மேல் இருக்கக்கூடாது, பாதுகாக்கப்பட்ட இடங்களோ சின்னங்களோ குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். இத்தாலியில் 1999-இல் தொடங்கிய சிட்டாஸ்லோ இயக்கம், நத்தையைச் சின்னமாகக் கொண்டு, 50,000-க்கும் குறைவான மக்கள்தொகை உள்ள, அவசரமில்லாத வாழ்க்கையைக் கொள்கையாக ஏற்ற ஊர்களுக்கு அங்கீகாரம் தருகிறது. பல நாடுகளிலும் பரவியிருக்கிறது. இவ்விரண்டில் நத்தையைத்தான் நான் கூடுதலாக நம்புகிறேன், ஏனெனில் முதலாவது கட்டடத்தைப் பார்க்கிறது, இரண்டாவது உள்ளூர் வாழ்க்கையை அளக்க முயல்கிறது. எந்த அடையாளமானாலும் அது கிடைத்தவுடன் கூட்டமும் பின்னாலேயே வரும் என்பதால், நான் பெரும்பாலும் செய்வது, அடையாளம் பெற்ற ஊரை வரைபடத்தில் கண்டுபிடித்து, அதிலிருந்து பத்துப் பதினைந்து கிலோமீட்டரில் அதே ஆற்றின் மீதோ அதே மலைச்சரிவிலோ இருக்கும் பெயர் தெரியாத அடுத்த ஊரைத் தேர்ந்தெடுப்பதாகும். ஒரே கல், ஒரே கூரை, ஒரே காற்று. பேருந்து மட்டும் அங்கே நிற்பதில்லை.

அளவைப் பொறுத்தவரை, நடுவில் நின்று எந்தத் திசையில் நடந்தாலும் பதினைந்து நிமிடத்தில், அதாவது ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக நடந்தால், வீடுகள் முடிந்து வயலோ தண்ணீரோ காடோ தொடங்க வேண்டும். அதற்கு மேல் பெரிதானால் வண்டி தேவைப்படும்; வண்டி வந்துவிட்டால் 'இன்னும் ஓர் இடம் பார்த்துவிடலாம்' என்ற பேச்சும் வந்துவிடும். மிகவும் சிறியதாக இருந்தாலும் சிக்கல்தான், மழை பிடித்துக்கொண்டால் அறைக்குள்ளேயே அடைந்து கிடக்க நேரும். ஆகவே மழையிலும் இரண்டு மணி நேரம் கழிக்க ஏதாவது ஒன்று, ஒன்றே ஒன்று, இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வேல்ஸ் எல்லையிலுள்ள ஹே-ஆன்-வை, இரண்டாயிரத்துக்கும் குறைவானவர்கள் வாழும் ஊர்; பழைய புத்தகக் கடைகளால் பெயர் பெற்றது. 1977 ஏப்ரல் முதல் தேதி புத்தகக் கடைக்காரர் ரிச்சர்ட் பூத் அதைத் தனி நாடென்று அறிவித்துத் தன்னை அரசராக்கிக்கொண்டதும் விளம்பரத்துக்கு உதவியது. மழை பெய்தால் அங்கே யாரும் வருத்தப்படுவதில்லை.

தங்கும் அறை ஊரின் நடுச்சதுக்கத்தைப் பார்த்தபடி இருக்க வேண்டாம். ஒரு தெரு பின்னால் தள்ளியிருந்தால் போதும். சதுக்கத்தின் மேல் அமைந்த அறையில் நள்ளிரவு இரண்டு மணிவரை நாற்காலிகள் இழுபடும் ஓசையைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்த அனுபவம் எனக்குண்டு. ஞாயிற்றுக்கிழமை உணவகங்கள் திறந்திருக்குமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள், சிறிய ஊர்களில் எல்லாமே ஒரே நாளில் மூடப்பட்டிருக்கும்.

முடிவெடுப்பதைக் கடைசி வாரம்வரை தள்ளிப்போட வேண்டாம். நெதர்லாந்தில் 1530 பேரை வைத்து 2010-இல் வெளியான ஓர் ஆய்வு, விடுமுறையில் செல்கிறவர்கள் செல்லாதவர்களைவிட மகிழ்ச்சியாக இருப்பது பெரும்பாலும் புறப்படுவதற்கு முன்புதான் என்று கண்டது. திரும்பிய பிறகு வேறுபாடு தெரிந்தது தங்கள் விடுமுறை 'மிகவும் இளைப்பாறுதலாக' இருந்தது என்று சொன்னவர்களிடம் மட்டுமே. ஆகவே ஊரை மூன்று வாரம் முன்பே முடிவு செய்து அறையைப் பதிவு செய்துவிடுங்கள், காத்திருக்கும் இன்பமும் கிடைக்கும். ஆனால் அந்த மூன்று வாரத்தில் பார்க்க வேண்டிய இடங்களின் அட்டவணை எதையும் தயாரிக்காதீர்கள். என் மனைவி இதில் என்னைவிடக் கண்டிப்பானவள். நான் ரகசியமாக எழுதிவைத்திருந்த அட்டவணையைப் புறப்படும் அன்று காலையில் கண்டுபிடித்து, பின்பக்கத்தில் வீட்டுக்கு வாங்க வேண்டிய சாமான்களை எழுதிக்கொண்டாள்.

திரும்பும் வண்டியை ஞாயிறு பிற்பகல் இரண்டு மணிக்குப் பதிவு செய்யுங்கள். ஐந்து மணிக்குப் பிறகு எல்லாரும் ஒன்றாகத் திரும்புகிறார்கள். இரண்டு மணி வண்டியில் ஜன்னலோர இடம் கிடைக்கும்.