பிக்கப்பில் டோ பார் பொருத்தி டிரெய்லர் வயரிங் செய்வதை நானே செய்யலாமா, பட்டறையில் விடலாமா?

கேட்டவரின் நிலை இது: சிறு தொழிலுக்காக வைத்திருக்கும் பிக்கப்பில் டோ பார் (டிரெய்லரை இழுக்க வண்டியின் பின்னால் மாட்டும் இரும்புச் சட்டம்) பொருத்தி, 14 அடிக் கண்ணாடியிழைப் படகு ஒன்றை டிரெய்லரில் வைத்துக் கரைக்கு இழுத்துச் செல்ல வேண்டும், இரும்பு வேலையையும் விளக்கு வயரிங்கையும் தாமே செய்யலாமா என்று அறிய விரும்புகிறார். நான் ஏறத்தாழ இதே அளவுள்ள படகை இதே வகை வண்டியில் பல ஆண்டுகளாக இழுத்து வருகிறேன். இரும்பு வேலையைப் பட்டறையிடம் விடுங்கள், வயரிங்கை நீங்களே பொறுமையாகச் செய்யுங்கள் என்பதே என் பதில். பலர் இதை நேர்மாறாகச் செய்கிறார்கள். நானும் முதல்முறை அப்படித்தான் செய்தேன்.

எந்தப் பொருளையும் வாங்குவதற்கு முன் நிலப் போக்குவரத்து ஆணையத்திடம் உங்கள் வண்டியின் மாடலையும் டோ பாரின் விவரத்தையும் கொடுத்து, எழுத்து வடிவில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். சிங்கப்பூரில் டிரெய்லரும் தனியாகப் பதிவு செய்யப்பட வேண்டிய வாகனம். காப்புறுதி நிறுவனத்துக்கும் இழுவைச் சாதனம் பற்றித் தெரிவித்தாக வேண்டும். கடைக்காரர் "எல்லாரும் போடுகிறார்கள்" என்று சொல்வதை அனுமதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பரிசோதனை நிலையத்தில் வண்டியை நிறுத்திக்கொண்டு பதில் சொல்லப்போவது நீங்கள்தான்.

அடுத்தது எடை. ஹைலக்ஸ், டி-மேக்ஸ் போன்ற வண்டிகளுக்கு ஆஸ்திரேலியாவில் 3,500 கிலோ இழுவைத் திறன் என்று விளம்பரம் செய்கிறார்கள். அந்த எண்ணைப் பார்த்து மகிழ்ந்துவிட வேண்டாம். அது சொந்த பிரேக் உள்ள டிரெய்லருக்கான எண். பிரேக் இல்லாத டிரெய்லருக்கு அதே வண்டிகளில் 750 கிலோதான். படகு, இயந்திரம், பெட்ரோல், நங்கூரம், ஐஸ் பெட்டி, டிரெய்லரின் சொந்த எடை ஆகிய அனைத்தையும் சேர்த்தே அந்த வரம்பைப் பார்க்க வேண்டும். நீங்கள் பின்பற்ற வேண்டியது இங்கு விற்கப்பட்ட உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ள எண்ணையும், டோ பாரின் தகட்டில் பொறித்துள்ள எண்ணையும். இரண்டில் எது குறைவோ அதுவே உங்கள் எல்லை. டிரெய்லரின் மூக்கு, டோ பாரின் முனையில் உள்ள இரும்பு உருண்டையான டோ பந்தின் மீது அழுத்தும் எடை, பிக்கப்பின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் அதிகபட்ச எடைக்குள் அடங்க வேண்டும் என்பதையும் மறந்துவிடக் கூடாது. பின்தட்டில் ஏற்கெனவே கருவிகளும் ஏணியும் இருக்கும்போது இந்த இடம் விரைவில் தீர்ந்துவிடும்.

இரும்பு வேலையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பார் சட்டகத்தில் மாட்டப்பட வேண்டும், பம்பரில் மாட்டப்படக் கூடாது. சட்டகத்தில் தயாரிப்பாளர் விட்டிருக்கும் துளைகளையே பயன்படுத்த வேண்டும். புதிதாகத் துளையிட்டாலோ வெல்டிங் செய்தாலோ அந்த இடத்தில் எஃகின் வலிமை மாறிவிடும். போல்ட்டுகளைக் கிட்டுடன் வந்த தாளில் உள்ள அளவுக்கு, முறுக்கு விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் கொண்டு முறுக்க வேண்டும்; முதல் சில பயணங்களுக்குப் பிறகு மீண்டும் சரிபார்க்க வேண்டும். வண்டியை மேலே தூக்கும் வசதியும் பெரிய ரெஞ்சும் தேவை என்பதால்தான் பட்டறையிடம் விடச் சொன்னேன். பட்டறைகள் நிறைந்த காக்கி புக்கிட்டிலும் சின் மிங்கிலும் இதைச் செய்யத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஒன்றை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்: டோ பந்தின் விட்டமும், அதைக் கவ்விப் பிடிக்கும் டிரெய்லர் மூக்கின் பிடியான கப்ளரின் அளவும் பொருந்த வேண்டும். 50 மி.மீ. பந்தும் 2 அங்குலப் பந்தும் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிந்தாலும் இடையே 0.8 மி.மீ. வேறுபாடு உண்டு, அளவு பந்தின் தலையிலும் கப்ளரின் மேலும் பொறிக்கப்பட்டிருக்கும், இரண்டையும் படித்துப் பார்த்துவிட்டு மாட்டுங்கள்.

இனி வயரிங். என் முதல் டிரெய்லருக்கு வயரிங்கை ஒரு பட்டறையில்தான் செய்யச் சொன்னேன். அரை மணி நேரத்தில் முடித்துவிட்டார்கள். விளக்குகள் எரிந்தன, நானும் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பினேன். சில மாதங்களுக்குப் பிறகு, செம்பவாங்கிலிருந்து மழையில் திரும்பி வந்துகொண்டிருந்த ஓர் இரவில், விரைவுச்சாலையில் என் பின்னால் வந்த லாரிக்காரர் விடாமல் ஹார்ன் அடித்தார். வெளியேறும் பாதையில் இறங்கி, பாதுகாப்பான இடத்தில் நிறுத்தினேன். அவரும் பின்னால் நிறுத்தி இறங்கி வந்து, "அண்ணே, நீங்க லெஃப்ட் சிக்னல் போட்டா பிரேக் லைட்டும் சேர்ந்து மின்னுது, பிரேக் மிதிச்சா ஒண்ணுமே தெரியல" என்றார். என் மகன் பின் இருக்கையில் உறங்கிக்கொண்டிருந்தான். பிரேக் போடுகிறேன் என்பதைப் பின்னால் வருபவருக்குத் தெரிவிக்க வழியில்லாமல், ஈரச் சாலையில் அவ்வளவு தூரம் வந்திருக்கிறேன் என்பதை இன்று நினைத்தாலும் எனக்கு உடல் நடுங்குகிறது.

மறுநாள் பிரித்துப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. டிரெய்லர் விளக்குகளின் எர்த் கம்பி, அதாவது மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் கம்பி, டிரெய்லர் சட்டகத்தோடு நின்றுவிட்டது. பிக்கப்புக்குத் திரும்பி வர அதற்கென்று கம்பியே இல்லை. மின்சாரம் கப்ளர் வழியாக, டோ பந்து வழியாகத் திரும்பட்டும் என்று விட்டிருந்தார்கள். பந்தில் கிரீஸ் தடவுகிறோம், கடல் உப்பு படிகிறது, துரு ஏறுகிறது. மேடுபள்ளத்தில் கப்ளர் ஆடும்போதெல்லாம் தொடர்பு விட்டுவிட்டு வருகிறது. எர்த் துண்டிக்கப்பட்டதும் மின்சாரம் நின்றுவிடுவதில்லை, வேறு வழி தேடுகிறது. சிக்னல் விளக்குக்குள் நுழைந்த மின்சாரம், பொது எர்த் முனைக்கு வந்து, அங்கிருந்து பிரேக் விளக்கின் இழை வழியாகப் பின்னோக்கிப் போய், பிக்கப்பின் சொந்த பிரேக் விளக்குகள் வழியாகத் தரையை அடைகிறது. அதனால்தான் சிக்னல் போட்டால் பிரேக் விளக்கு மங்கலாக மின்னியது. ஒரு விளக்கை இயக்கினால் மற்றொன்று அசைகிறது என்ற அறிகுறியை எங்கே கண்டாலும், பல்பை மாற்றுவதற்கு முன் எர்த்தைப் பாருங்கள்.

கம்பியின் பருமனும் இதே அளவுக்கு முக்கியம். பழைய இழை பல்புகளில் பிரேக் விளக்குக்கு 21 வாட், பின்விளக்குக்கு 5 வாட், சிக்னலுக்கு 21 வாட். இரவில் பிரேக்கை மிதித்துக்கொண்டு ஒரு பக்கம் திரும்பும்போது, இரு பிரேக் விளக்குகள், இரு பின்விளக்குகள், ஒரு சிக்னல் ஆகியவற்றோடு 5 வாட் எண் தகட்டு விளக்கையும் சேர்த்தால் 78 வாட் ஆகிறது. 12 வோல்ட்டில் அது ஆறரை ஆம்பியர். மற்றக் கம்பிகள் அந்தச் சுமையைப் பங்கிட்டுக்கொள்கின்றன. எர்த் கம்பி ஒன்றுதான் முழுவதையும் திருப்பிக் கொண்டுவருகிறது. மலிவான கிட்டில் வரும் 0.5 சதுர மி.மீ. கம்பி ஐந்து மீட்டர் நீளத்தில் ஏறத்தாழ 1.2 வோல்ட்டை விழுங்கிவிடும், 2.5 சதுர மி.மீ. கம்பியாக இருந்தால் கால் வோல்ட்டோடு நின்றுவிடும். இழை பல்பில் மின்னழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் வெளிச்சம் பத்தில் மூன்று பங்கு குறைகிறது. எனவே எர்த்துக்கு மட்டும் கட்டாயம் பருமனான கம்பி போடுங்கள். அதை ஒவ்வொரு விளக்குக்கும் தனியாக இழுத்து, சாக்கெட்டின் எர்த் முனை வழியாகப் பிக்கப்பின் சட்டகத்தில் பெயின்ட்டைச் சுரண்டிய இடத்தில் போல்ட் போட்டு இறுக்கி, மேலே துருத் தடுப்புப் பூச்சு கொடுங்கள். எல்இடி விளக்குக்கு மாறினால் சுமை வெகுவாகக் குறையும் என்பது உண்மைதான். ஆனாலும் எர்த் விட்டுப்போனால் எல்இடியும் அதே போலத்தான் தடுமாறும்.

வண்ணக் குழப்பத்தில் நான் ஒரு முழு நாளை இழந்திருக்கிறேன், அதனால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். ஐஎஸ்ஓ 1724 என்னும் பன்னாட்டுத் தரத்தின்படி அமைந்த ஏழு முனை சாக்கெட்டில் மஞ்சள் இடது சிக்னல், பச்சை வலது சிக்னல், வெள்ளை எர்த், சிவப்பு பிரேக், கருப்பு இடது பின்விளக்கு, பழுப்பு வலது பின்விளக்கு, நீலம் பின்புற மூடுபனி விளக்கு. ஆஸ்திரேலிய முறையில் மஞ்சள், பச்சை, வெள்ளை, சிவப்பு ஆகியவை இப்படியே இருக்கும். ஆனால் பழுப்பு இரு பக்கப் பின்விளக்குகளுக்கும் பொது, கருப்பு ரிவர்ஸ், நீலம் டிரெய்லரின் பிரேக். அமெரிக்க நான்கு முனை கிட்டில் வெள்ளை எர்த், பழுப்பு பின்விளக்கு, மஞ்சளும் பச்சையும் சிக்னலோடு பிரேக்கையும் சேர்த்தே சுமக்கும். முதல் மூன்று நிறங்கள் எல்லா முறையிலும் ஒத்துப்போவதால், மீதியும் ஒத்துப்போகும் என்று கை தானாகவே நம்பிவிடுகிறது. நான் வாங்கிய டிரெய்லர் ஆஸ்திரேலிய முறையில் வயரிங் செய்யப்பட்டது. பிக்கப்பின் சாக்கெட் ஐஎஸ்ஓ முறை. நிறத்தை மட்டும் பார்த்து இணைத்திருந்தால், வலது பின்விளக்குக்கான ஒற்றைக் கம்பியே டிரெய்லரின் இரு பக்கங்களையும் சேர்த்துச் சுமந்திருக்கும். டிரெய்லரின் ரிவர்ஸ் விளக்கு, பின்விளக்கைப் போட்ட உடனே எரிந்திருக்கும். நிறத்தை நம்பாமல், சோதனை விளக்கை வைத்து ஒவ்வொரு முனையையும் பார்த்துக் குறித்துக்கொண்ட பிறகே இணையுங்கள். நம் பிக்கப்புகளில் சிக்னல் தனி, பிரேக் தனி என்பதால் அமெரிக்க கிட்டை மாற்றுக்கருவி இல்லாமல் பொருத்தவே முடியாது. முடிந்தால் அதை வாங்காமலே இருந்துவிடுங்கள்.

பிக்கப்பின் பின்விளக்குக் கம்பியில் ஊசி போலக் குத்திக் கவ்வும் இணைப்பான்களை அந்தப் பட்டறை பயன்படுத்தியிருந்தது. செம்பு இழைகளில் பாதி அறுந்து, மீதியில் பச்சை பூத்திருந்தது. நம் ஊரில் காற்றே ஈரம். கடற்கரைக்கு இழுத்துச் செல்லும் வண்டிக்கு அந்த இணைப்பான் ஆகாது. ரிலே (சிறு மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) கொண்ட துணைப் பெட்டி ஒன்றைப் போடுங்கள். அது விளக்குக் கம்பிகளிலிருந்து சிறு சைகையை மட்டும் எடுத்துக்கொண்டு, டிரெய்லருக்கான மின்சாரத்தை நேரடியாக பேட்டரியிலிருந்து அனுப்புகிறது. புதிய பிக்கப்புகளில் விளக்குகளைக் கணினி கண்காணிக்கிறது. கூடுதல் சுமையை அதன் மேல் ஏற்றினால் பிழை விளக்கு எரியும், சில சமயம் அந்தக் கணினியே பழுதாகும். பேட்டரியிலிருந்து வரும் கம்பியில் ஃபியூஸ் பேட்டரிக்கு மிக அருகில் இருக்க வேண்டும். பின்பக்கம் போட்ட ஃபியூஸ், வழியில் கம்பி உராய்ந்து சட்டகத்தைத் தொட்டால் ஒன்றும் செய்யாது. இணைப்புகளைக் கிரிம்ப் செய்து (உலோக முனையை அழுத்திக் கம்பியைக் கவ்வவைத்து), உள்ளே பசை உருகும் சுருங்கு குழாயைப் போட்டுச் சூடாக்கி மூடுங்கள். கம்பியைப் புகைபோக்கியிலிருந்து விலக்கி, நெளிகுழாய்க்குள் கொண்டுசென்று, சட்டகத்தின் கூர் விளிம்பைத் தொடும் ஒவ்வோர் இடத்திலும் ரப்பர் வளையம் போடுங்கள். ஈயம் பூசிய செம்புக் கம்பி, படகுக்கடைகளில் கிடைப்பது, சற்று விலை கூடுதல். ஆனால் உப்புநீரில் பல ஆண்டு தாங்குகிறது.

வேலை முடிந்த பிறகு மல்டிமீட்டரில் 12 வோல்ட் காட்டுகிறது என்று நிறைவடைந்துவிடாதீர்கள். துருப்பிடித்த இணைப்பும் சுமை இல்லாதபோது 12 வோல்ட்டையே காட்டும். எல்லா விளக்குகளையும் எரியவிட்டு, டிரெய்லர் விளக்கின் எர்த் முனைக்கும் பிக்கப் பேட்டரியின் எதிர்மின் (−) முனைக்கும் இடையே அளந்து பாருங்கள். அரை வோல்ட்டைத் தாண்டினால் எங்கோ இணைப்பு மோசமாக இருக்கிறது. என் பழைய வயரிங்கில் இந்த இடத்தில் 3 வோல்ட்டுக்கும் மேல் காட்டியது. அதன் பிறகு டிரெய்லரைக் கப்ளரிலிருந்து கழற்றி, பந்தைத் தொடாதபடி தாங்குகாலில் நிறுத்தி, பிளக்கை மட்டும் செருகி மீண்டும் சோதியுங்கள். விளக்குகள் அப்போதும் சரியாக எரிந்தால்தான் எர்த் கம்பி தன் வேலையைச் செய்கிறது.

பாதுகாப்புச் சங்கிலிகளைக் கப்ளருக்குக் கீழே குறுக்காக மாட்டுங்கள். கப்ளர் கழன்றால் மூக்கு சாலையில் குத்தாமல் அந்தச் சங்கிலிகள் தொட்டில் போல ஏந்தும். மூக்கு எடை மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு அளவில் இருக்கும்படி படகை முன்னோ பின்னோ நகர்த்துங்கள். 600 கிலோ டிரெய்லருக்கு 60 கிலோ என்றால் வீட்டு எடை மெஷினில், மேலே ஒரு கட்டையை வைத்து அளந்துவிடலாம். பின்பாரம் கூடிய டிரெய்லர் வேகத்தில் வால்போல ஆடத் தொடங்கும், அதைத் திருப்பி அடக்குவது மிகக் கடினம்.

படகை இறக்கும் சாய்தளத்தில் பிளக்கைக் கழற்றிவிட்டு டிரெய்லரை நீரில் இறக்குங்கள். சூடான பல்பு குளிர்ந்த நீரில் பட்டால் வெடிக்கக்கூடும், மின்சாரம் ஓடும் முனை உப்புநீரில் மிக வேகமாக அரிக்கும். ஏறி வந்ததும் நன்னீரில் சாக்கெட்டையும் விளக்குகளையும் கழுவி, உலர்த்தி, முனைகளில் மின் இணைப்புக்கான கிரீஸைத் தடவுகிறேன். வீட்டுக்குக் கிளம்புவதற்கு முன் என் மகன் பின்னால் நின்று "இடது, வலது, பிரேக்" என்று ஒவ்வொன்றாகச் சொல்லுவான். மூன்றையும் கேட்ட பிறகே கியரைப் போடுகிறேன்.