மறந்த நோட்டுக்காகப் பள்ளிக்கு ஓட வேண்டுமா?

தக்கலையிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார்: “நான்காம் வகுப்பு படிக்கும் என் மகன், வீட்டுப்பாடத்தை எழுதி முடித்த பிறகும், வாரத்தில் இரண்டு நாளாவது நோட்டை மேசையிலேயே விட்டுச் செல்கிறான். ஆசிரியை அவனை வகுப்புக்கு வெளியே நிறுத்துவதால், நான் ஸ்கூட்டரில் நோட்டைக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். பக்கத்து டியூஷன்காரர் ‘என்னிடம் விடுங்கள், ஒரு மாதத்தில் சரியாகும்’ என்கிறார். விடலாமா?”

விட வேண்டாம். ஸ்கூட்டரையும் இனி எடுக்க வேண்டாம். நீங்கள் கொண்டுபோய்க் கொடுக்கும் வரை, நோட்டை நினைவில் வைப்பது உங்கள் வேலை என்றே அவன் எண்ணுவான். இரவு படுக்கும் முன் அவனே டைரியைப் பார்த்து, ஒவ்வொரு நோட்டாகப் பையில் வைத்து, பையை வாசலில் செருப்புக்குப் பக்கத்தில் வைக்கட்டும். “டைரியைப் பார்த்தாயா?” என்று ஒரே ஒரு முறை கேளுங்கள், பையைத் திறந்து சரிபார்க்காதீர்கள். நடுவில் ஓரிரு நாள் மறப்பான், மறக்கட்டும்.

ஆனால் அவன் வெளியே நிற்கக் கூடாது. கல்வி உரிமைச் சட்டம், 2009இன் 17ஆம் பிரிவு, உடல் தண்டனையோடு மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. நோட்டை மறந்த ஒன்பது வயதுப் பிள்ளையை வராந்தாவில் நிறுத்துவது அதில் அடங்கும் என்பதே என் கருத்து. ஆசிரியையை நேரில் சந்தித்து, மறந்து வரும் நாளில் அதே பாடத்தின் இரண்டு கணக்குகளை ஒரு தாளில் அங்கேயே போட்டுக்காட்டச் சொல்லுமாறு கேளுங்கள். பிள்ளைக்குக் கணக்குத் தெரியுமா என்பது அதிலேயே தெரிந்துவிடும். ஒன்றிய அரசின் 2020ஆம் ஆண்டுப் பள்ளிப்பைக் கொள்கை, 3 முதல் 5 வரையுள்ள வகுப்புகளுக்கு வாரத்துக்கே அதிகபட்சம் 2 மணி நேர வீட்டுப்பாடம் போதும் என்கிறது. அதைக் கேட்டால் பல பள்ளிகளில் சிரிப்பார்கள். வீட்டுப்பாடம் குறைந்தால் பெற்றோரே சண்டைக்கு வருகிறார்கள் என்பார்கள், அதிலும் உண்மை இல்லாமல் இல்லை. சுற்றறிக்கை கோப்பில் கிடக்கிறது, வாட்ஸ்அப் குழுவிலோ இரவு ஒன்பது மணிக்கும் வீட்டுப்பாடம் வந்து விழுகிறது.

இனி டியூஷன். நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் தெருவுக்குத் தெரு நடக்கும் டியூஷன்களில் நல்லவையும் உண்டு; ஆனால் “வீட்டுப்பாடம் முடித்துத் தரப்படும்” என்பதையே சிறப்பாகச் சொல்பவரிடம் பிள்ளையை அனுப்பாதீர்கள். ஒரே டியூஷனுக்குச் சென்ற நான்கு பிள்ளைகளின் நோட்டுகளில், ஒரே கணக்கில் ஒரே பிழையைப் பார்த்திருக்கிறேன். கடன் வாங்கிக் கழிக்கத் தெரியாத ஒரு பையனின் நோட்டிலோ, வழிமுறை ஒரு வரிகூட இல்லாமல் விடைகள் மட்டும் சரியாக இருந்தன. உங்கள் பக்கத்து டியூஷன்காரர் கேட்கும் ஒரு மாதம் இரண்டாண்டாகும், பிள்ளைக்கு எழுதும் பழக்கமும் போகும். வகுப்பு ஆசிரியரே மாலையில் வீட்டில் டியூஷன் நடத்தி, வராத பிள்ளையின் நோட்டை மட்டும் கூர்ந்து பார்ப்பாரானால், தலைமையாசிரியரிடம் எழுத்தில் கொடுங்கள்; வாய்ப்பேச்சு அங்கே நிற்காது.

ஒரு விதிவிலக்கைச் சற்று விரித்தே சொல்ல வேண்டும். மறதிக்காரி என்று ஈராண்டு திட்டு வாங்கிய ஒரு சிறுமியின் டைரியைத் தோழியின் டைரியோடு வைத்துப் பார்த்தேன். தோழியிடம் ‘பக்கம் 38’ என்றிருந்தது இவளிடம் ‘33’. கடைசி வரி பாதியில் நின்றது. பின் வரிசையில் இருந்த அவளுக்குக் கரும்பலகை தெரியவில்லை. கண்ணாடி போட்ட பிறகு அந்த மறதி போயிற்று. உங்கள் மகன் எழுதிய பிறகே மறக்கிறான் என்பதால் இது பொருந்தாது என்று தோன்றலாம். ஆயினும் எழுதிய பக்கம் சரியானதுதானா என்று நண்பனின் டைரியோடு ஒரு வாரம் ஒப்பிடுங்கள். வேறுபாடு இருந்தால் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கண் பரிசோதனை செய்யுங்கள். பள்ளி முகாம் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்.