‘அடுத்த வாரம் பார்க்கலாம் தம்பி’

கேள்வி: டிப்ளமோ முடித்துவிட்டு ஒரு மசாலாப் பொடி ஏஜென்சியில் சேல்ஸ்மேனாக இருக்கிறேன். 8 மாதம் ஆகிறது. தினமும் 40 கடை ஏறுகிறேன், ஆர்டர் கிடைப்பது ஏழெட்டு கடையில்தான். புது கம்பெனி என்பதால் பெயரைச் சொன்னதுமே ‘வேண்டாம் தம்பி’ என்கிறார்கள். மேனேஜரோ ‘விடாமல் கேள், கேட்டுக்கொண்டே இரு’ என்கிறார். மூன்றாவது தடவை அதே கடைப்படி ஏறும்போது பிச்சை கேட்கப் போவது போல இருக்கிறது. இந்த எண்ணத்தை எப்படி மாற்றிக்கொள்வது?
– பெயர் வேண்டாம், விருத்தாசலம்

பதில்: தம்பி, உங்கள் கடைசி வரியைத் தாண்ட எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. 19 வருடம் பிஸ்கட் லைனில் ஓடியவன் நான். முதல் வருடம் முழுக்க எனக்கும் இதே வயிற்றைப் பிசைகிற உணர்வு இருந்தது.

அப்படித் தோன்றுவதற்குக் காரணம், நீங்கள் மூன்று தடவையும் ஒரே கேள்வியைக் கேட்பதுதான். போன வாரம் வேண்டாம் என்றவரிடம் இந்த வாரமும் ‘பொடி எடுத்துக்கிறீங்களா?’ என்றே கேட்டால் அது கெஞ்சுவது போலத்தான் ஆகும், அவருக்கும் சரி உங்களுக்கும் சரி. மேனேஜர் சொன்னதில் பாதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். விடாமல் போங்கள், ஆனால் கேட்பதை மாற்றுங்கள்.

கடைக்காரர் உங்களை வேண்டாம் என்று சொல்லவில்லை. அவருடைய கல்லாவையும் ரேக்கில் மிச்சமிருக்கும் அரை அடி இடத்தையும் பார்த்துச் சொல்கிறார். ‘சரக்கு இருக்கு’ என்றால் பழையது இன்னும் போகவில்லை. ‘யாரும் கேக்கலை’ என்றால் வாங்கிப் போட்டு முடங்கிவிடுமோ என்ற பயம். ‘அடுத்த வாரம் பார்க்கலாம்’ என்றால் பெரும்பாலும் அன்றைக்கு வேறொரு கம்பெனி பில்லுக்குப் பணம் கொடுத்திருப்பார், கையில் காசு இருக்காது. ‘உங்க கம்பெனி சங்காத்தமே வேண்டாம்’ என்று குரல் உயர்ந்தால் அங்கே ஏதோ பழைய கணக்கு தீராமல் கிடக்கிறது. அந்தக் கடையை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

பண்ருட்டியில் எனக்கு அப்படி ஒரு கடை இருந்தது. நாலு வாரம் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை அவர். ஐந்தாவது வாரம் ஆர்டர் புத்தகத்தைப் பையிலிருந்து எடுக்காமலே, ‘அண்ணே, எங்க சரக்குல என்ன குறைன்னு அதை மட்டும் சொல்லுங்க’ என்றேன். ஒன்றும் பேசாமல் மாடிப்படிக்கு அடியிலிருந்து ஒரு அட்டைப்பெட்டியை இழுத்துப் போட்டார். எலி கடித்தது, நமுத்தது, தேதி முடிந்தது என்று மொத்தம் 31 பாக்கெட். எனக்கு முன்னால் லைன் பார்த்தவர் ‘அடுத்த தடவை எடுத்துக்கிறேன்’ என்று சொல்லியே ஒரு வருடத்தை ஓட்டியிருக்கிறார். அங்கேயே தரையில் உட்கார்ந்து எண்ணி, தேதியோடு எழுதி, அவரிடம் கையெழுத்து வாங்கி, பெட்டியை வண்டியில் கட்டி எடுத்துவந்தேன். அந்த டேமேஜுக்கு ஏஜென்சியில் பணம் வாங்க மூன்று வாரம் நடந்தேன். நிஜமான விடாமுயற்சி எனக்கு அங்கேதான் தேவைப்பட்டது. பணத்தைக் கொண்டுபோய்க் கொடுத்த அன்று நான் கேட்கவே இல்லை, அவராகவே ‘ரெண்டு டஜன் போடு’ என்றார்.

நீங்கள் கடலூர் மாவட்டத்துக்காரர், அதனால் உங்கள் ஊர்ப் பக்கத்துக் கதையையும் சொல்கிறேன். 1983-ல் கடலூர்க்காரரான சி.கே.ரங்கநாதன் 15,000 ரூபாய் முதலோடு தொடங்கிய தொழில்தான் சிக் ஷாம்பு. அப்போது கிராமத்தில் தலைக்கு சீயக்காய், இல்லாவிட்டால் சோப்பு. அவர்கள் ஊருக்குள் போய், ஒரு பையனை எல்லோருக்கும் முன்னால் உட்காரவைத்து, அங்கேயே தலைக்குப் போட்டு அலசி, முடியைத் தொட்டுப் பாருங்கள், மோந்து பாருங்கள் என்றார்கள். அப்புறம், எந்தக் கம்பெனி பாக்கெட்டாக இருந்தாலும் சரி, 5 காலி பாக்கெட் கொண்டுவந்தால் ஒரு சிக் இலவசம் என்று அறிவித்தார்கள். ‘வாங்குங்க வாங்குங்க’ என்று சொல்வதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம் பாருங்கள்!

உங்கள் கையில் இருப்பது பொடி. அதற்கு வாசனை இருக்கிறது, இதைவிட என்ன வேண்டும்? மேனேஜரிடம் பேசி நாலு சாம்பிள் பாக்கெட் வாங்குங்கள். கல்லாவில் அக்கா இருந்தால், பாக்கெட்டைப் பிரித்து உள்ளங்கையில் கொஞ்சம் மல்லித்தூளைப் போட்டு, ‘நாளைக்குக் குழம்புக்குப் போட்டுப் பாருங்கக்கா, செவ்வாய்க்கிழமை வர்றேன்’ என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். செவ்வாய்க்கிழமை நீங்கள் கேட்கப்போவது ‘குழம்பு எப்படி இருந்துச்சு?’ என்று. அந்தக் கேள்வியோடு படியேறும்போது கூச்சம் இருக்காது, நான் பார்த்தவரைக்கும் இருந்ததில்லை.

காலையில் பாலும் இட்லி மாவும் விற்கிற நேரத்தில் போய் நிற்காதீர்கள், பதினொரு மணிக்கு மேல் போங்கள், ஒவ்வொரு வாரமும் அதே கிழமை. யார் என்ன காரணம் சொன்னார் என்று ஒரு சின்ன நோட்டில் எழுதிவையுங்கள். ‘இனி வராதே’ என்று ஒருவர் தெளிவாகச் சொன்னால் போகாதீர்கள், அது அவருடைய கடை. சரக்கு எடுத்துவிட்டு மாதக்கணக்கில் பாக்கி வைப்பவரை ஆர்டருக்காகத் துரத்தவே துரத்தாதீர்கள். வேண்டாம் என்று சொல்பவர் அவரைவிட ஆயிரம் மடங்கு மேல். அப்புறம், புதுப் பெயருக்கு 40 கடையில் ஏழெட்டு ஆர்டர் என்பது மோசமில்லை தம்பி, அந்த ஏழெட்டுப் பேர் ஏன் எடுத்தார்கள் என்று அவர்களையே கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: வீட்டிலிருந்தே வாட்ஸ்அப்பில் புடவை விற்கிறேன். படம் பார்த்துவிட்டு ‘சொல்றேன்’ என்று போனவர்களுக்கு எத்தனை தடவை மெசேஜ் அனுப்பலாம்?
– ஒரு வாசகி, ஈரோடு

பதில்: ஒரே ஒரு தடவை, மூன்று நாள் கழித்து. நம் ஊரில் ‘சொல்றேன்’ என்பதே பாதி நேரம் மரியாதையாகச் சொல்கிற ‘வேண்டாம்’ தான் அம்மா, அதைப் புரிந்துகொண்டால் மனசு நோகாது. தினமும் 30 படம் அனுப்பினால் சத்தமில்லாமல் பிளாக் செய்துவிடுவார்கள். அவர் எப்போதோ அரக்குக் கலரில் சின்ன பார்டர் கேட்டிருந்தாரா, அப்படி ஒன்று வரும் அன்று அந்த ஒரு படத்தை மட்டும் அனுப்பி, ‘நீங்க கேட்ட கலர் வந்திருக்கு, பிடிக்கலைன்னாலும் பரவாயில்லைக்கா’ என்று ஒரு வரி எழுதுங்கள்.