அதிபர் போட்ட தேர்தல் உத்தரவை எதிர்த்து அமெரிக்க மாநிலங்கள் எப்படி வழக்குப் போட முடிகிறது?

"மேலே இருப்பவர் சொன்னால் மாநிலம் கேட்க வேண்டியதுதானே, குடியுரிமைக்கு ஆதாரம் காட்டுவதில் என்ன கஷ்டம்" என்றும் கேட்டிருக்கிறீர்கள். இந்தியாவிலிருந்து கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அங்கே மக்களவையானாலும் சட்டமன்றமானாலும் ஒரே தேர்தல் ஆணையம். இங்கே அமெரிக்காவில் நாடாளுமன்றத்துக்குத்தான் காங்கிரஸ் என்று பெயர்; அந்தக் காங்கிரஸ் தேர்தலை எப்போது, எங்கே, எப்படி நடத்துவது என்பதை மாநிலச் சட்டமன்றங்கள் முடிவு செய்யும், அதை மாற்றும் அதிகாரம் காங்கிரசுக்கு உண்டு. அரசியல் சாசனத்தில் அந்த இடத்தில் அதிபர் வரவே மாட்டார். வழக்கின் அடிப்படையே அதுதான்.

2025 மார்ச் 25 அன்று ட்ரம்ப் கையெழுத்திட்ட உத்தரவு, வாக்காளர் பதிவுக்கான மத்தியப் படிவத்தோடு பாஸ்போர்ட் மாதிரி குடியுரிமை ஆவணம் கேட்கச் சொன்னது. தபால் வாக்குகள் தேர்தல் நாளுக்குள் வந்து சேர வேண்டும் என்றது. எங்கள் நியூ ஜெர்சியில் தேர்தல் நாளுக்குள் தபால் முத்திரை விழுந்திருந்தால் 6 நாள் கழித்து வந்தாலும் எண்ணுவார்கள். ஏப்ரல் 3 அன்று நியூ ஜெர்சி உட்பட 19 மாநிலங்கள் மாசச்சூசெட்ஸ் மத்திய நீதிமன்றத்துக்குப் போயின. ஜூன் 13 அன்று நீதிபதி டெனிஸ் காஸ்பர் இந்த இரண்டுக்கும் இடைக்காலத் தடை கொடுத்தார்.

இனி என்ன கஷ்டம் என்பதற்கு வருகிறேன். என் மனைவி அந்த பிப்ரவரியில்தான் குடியுரிமை உறுதிமொழி எடுத்தாள். புதிதாகப் பாஸ்போர்ட் எடுக்க அசல் குடியுரிமைச் சான்றிதழையே விண்ணப்பத்தோடு ஒப்படைக்க வேண்டும், அதனால் உத்தரவு வந்த வாரத்தில் அவள் கையில் பாஸ்போர்ட்டும் இல்லை, சான்றிதழும் இல்லை. ஓட்டுநர் உரிமத்தில் குடியுரிமை எழுதியிருக்காது, குடியுரிமை இல்லாமல் நிரந்தரமாகத் தங்கியிருக்கும் கிரீன் கார்டுக்காரர்களுக்கும் அதே அட்டைதான். போதாததற்கு உரிமத்தில் என் பெயர் அவளுக்குக் கடைசிப் பெயர், சான்றிதழில் அவள் அப்பா பெயர். தினமும் சாயங்காலம் தபால் பெட்டியைத் திறந்து பார்த்துக்கொண்டு நிற்பாள். அவள் நிரப்பியது மாநிலப் படிவம், அதை இந்த உத்தரவு நேரடியாகத் தொடவில்லை என்பதெல்லாம் எங்களுக்கு அப்போது தெரியாது.

 

உடனே "அப்போ வெளிநாட்டுக்காரன் ஓட்டுப் போடலாமா" என்று யாராவது வருவார்கள். கூடாது, அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் படிவத்தில் குடிமகன் என்று பொய்க் கையெழுத்துப் போட்டால் இப்போதே குற்றம்தான், மாட்டினால் நாடு கடத்துவார்கள். கான்சாஸ் மாநிலம் 2013 முதல் ஆவணம் கேட்டதில் சுமார் 31,000 பேரின் பதிவு நின்றுபோனது, பெரும்பாலும் குடிமக்கள். அந்தச் சட்டத்தையும் நீதிமன்றம் 2018இல் ரத்து செய்தது. நான் எந்தக் கட்சிக்கும் ஆள் இல்லை. வரிசையில் நின்று முறைப்படி வந்தவளை முதல் ஓட்டுக்கு முன்பே சந்தேகப்படுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

2025 நவம்பர் 4 அன்று நியூ ஜெர்சியில் கவர்னர் தேர்தல். அவள் பெயரைச் சொன்னாள், கையெழுத்துப் போட்டாள், பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டாள். பாஸ்போர்ட்டும் சான்றிதழும் கைப்பையில் இருந்தன, யாரும் கேட்கவில்லை.