ஷெ, ம., டி.எஸ்.பி.: வம்சாவளித் தாள்களில் முழிக்க வைக்கும் எழுத்துகள்

வீட்டுப் பெட்டியில் கிடக்கும் வம்சாவளித் தாள்களைப் படியெடுத்து அனுப்பச் சொல்லியிருந்தேன். வந்தவை எல்லாவற்றிலும் ஒரே சங்கடம்தான். பெயர்கள் படிக்க முடிகிறது. பெயர்களைச் சுற்றி நிற்கும் ஒற்றை எழுத்துகள்தான் புரியவில்லை. எழுதியவர் தனக்குப் புரிந்தால் போதும் என்று சுருக்கிவிட்டுப் போய்விட்டார். நாம் முழி பிதுங்கி நிற்கிறோம். சில கடிதங்களுக்கு இங்கே பதில்.

எங்கள் தாத்தாவின் அண்ணன் போலீஸ் அதிகாரி என்று இத்தனை நாள் பெருமையடித்துக்கொண்டிருந்தோம். வக்கீலாக இருந்த மாமா ஒருவர் வரைந்த வம்சாவளியில் அவர் பெயருக்குப் பின்னால் ஆங்கிலத்தில் டி.எஸ்.பி. என்று இருக்கிறது. இப்போது பார்த்தால், 1890களில் இறந்துபோன ஓர் அத்தைப் பாட்டிக்கும் அதே பட்டம்! எப்படி?
— திருச்சி வாசகர்

அந்த அத்தைப் பாட்டிக்கு நீங்கள் நன்றி சொல்ல வேண்டும். அவர் இல்லையென்றால் இந்தக் குட்டு உடைந்தே இருக்காது. சிறிய எழுத்தில் போடப்பட்டிருக்கும் இந்த மூன்றும் லத்தீன்: ‘டிசெசிட் சினே ப்ரோலே’. சந்ததி இல்லாமல் இறந்தார் என்று பொருள். ஆங்கிலேயப் பிரபுக்களின் வம்சாவளிகளில் வழங்கிய குறி இது. ஆங்கிலம் படித்த நம்மூர் வக்கீல்களும் குமாஸ்தாக்களும் அதை அப்படியே எடுத்துக்கொண்டார்கள்.

அதே தாளில் டி.வி.பி. என்று இருந்தால், தகப்பனார் உயிரோடு இருக்கும்போதே மகன் இறந்துவிட்டான் என்று பொருள். சொத்துப் பங்கீட்டில் இது முக்கியம் என்பதால் வக்கீல்கள் இதைத் தவறாமல் குறித்தார்கள். டி.எஸ்.பி.க்குப் பின் ஓர் எம். சேர்ந்திருந்தால் ஆண் சந்ததிதான் இல்லை; பெண்கள் இருந்திருக்கலாம், தேடுங்கள். ஆண்டுக்கு முன்னால் வரும் ஆங்கில ‘சி.’ என்பது ‘சுமார்’. பெயருக்கு முன்னால் வரும் தமிழ் ‘சி.’ சிரஞ்சீவி. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

1934ஆம் வருடத்துப் பாகப்பிரிவினைப் பத்திர நகலில் எங்கள் பாட்டியின் பெயர் ‘ஷெ முத்தம்மாள்’ என்று பல இடங்களில் வருகிறது. ‘ஷேக்’ என்பதன் சுருக்கமா? எங்கள் முன்னோர் முஸ்லிம்களாக இருந்தார்களா?
— திருநெல்வேலி வாசகி

இல்லை அம்மா. ‘ஷெ’ என்றால் மேற்படி. ‘ஷெ முத்தம்மாள்’ என்பது மேலே சொல்லப்பட்ட முத்தம்மாள், அவ்வளவுதான். கையெழுத்தில் மேற்படிக்கு ௸ என்று ஒரு குறி உண்டு. பார்வைக்கு அது ஷகரம் போலவே இருக்கும். தட்டச்சிலும் அச்சிலும் அந்தக் குறி கிடைக்காத இடத்தில் ஷெ, ஷை என்று போட்டுச் சமாளித்தார்கள். ‘ஷெயூர்’ என்றால் மேற்படி ஊர், ‘ஷெயார்’ என்றால் மேற்படியார். உங்கள் நகலில் ஊருக்கும் தேதிக்கும் முன்னாலும் ஷெ வருகிறதா என்று பாருங்கள். தேதி மதம் மாறாது.

ஆனால் இதே குறி வம்சாவளித் தாளில் வரும்போது ஒரு கண்ணி இருக்கிறது. பலர் அதில் கால் வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளின் பெயர்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, பக்கத்தில் தாயாரின் பெயரை முதல் வரியில் மட்டும் எழுதி, கீழே ௸, ௸ என்று இறக்கிக்கொண்டே போவார்கள். பின்னால் வரும் பேரன், பிள்ளைகளை வயதுவாரியாக மாற்றி எழுதலாம் என்று வரிகளை இடம் மாற்றுவான். மூத்த தாரத்தின் பிள்ளை இளைய தாரத்தின் பெயருக்குக் கீழே வந்து உட்காரும். கூடவே அந்த ௸ குறியும் வரும். தாய் மாறிவிட்டாள்! இந்தக் குறிக்குத் தனியாகப் பொருள் கிடையாது. மேலே இருக்கும் வரிதான் அதன் பொருள். படியெடுக்கும்போது முதல் வேலையாக ஒவ்வொரு ௸ குறியையும் முழுப் பெயராக விரித்து எழுதிவிடுங்கள். வரிசை மாற்றுவதெல்லாம் அதற்குப் பிறகு.

எங்கள் குடும்ப மரத்தில் எங்கு பார்த்தாலும் ‘ம.’ என்று இருக்கிறது. மகனா, மகளா, மனைவியா?
— மதுரை வாசகர்

நீங்கள் மூன்று சொன்னீர்கள். மணம், மரணம், மறைவு, மறுமணம் ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தமிழ்க் குடும்பத் தாள்களில் இதைவிடப் பொல்லாத எழுத்து கிடையாது.

முதலில் அதற்கு அடுத்து என்ன வருகிறது என்று பாருங்கள். பெயர் வந்தால் அது உறவு. ஆண்டு வந்தால் அது நிகழ்ச்சி. உறவு என்றால் பெரும்பாலும் பெயரே ஆணா பெண்ணா என்று காட்டிக்கொடுத்துவிடும். தொல்லையெல்லாம் ஆண்டோடு வரும் ‘ம.’ தான்.

என் கைக்கு வந்த ஒரு தாளைச் சொல்கிறேன். ஒரு பெண்ணின் பெயர், அதையொட்டி ‘ம. 1911’. அவருக்குக் கீழே இரண்டு பிள்ளைகள், ‘பி. 1914’, ‘பி. 1917’. 1911இல் இறந்தவர் 1914இல் பிள்ளை பெற முடியாது, ஆகவே மணம். இதுவரை சுலபம். அவர் கணவரின் பெயருக்கு ‘ம. 1918’ என்று இருந்தது. மணம் என்றே எடுத்துக்கொண்ட குடும்பத்தார், 1918இல் அவர் இரண்டாம் கல்யாணம் செய்துகொண்டார் என்று முடிவு கட்டி, இல்லாத இளைய தாரத்தைப் பல வருடங்களாகத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். 1911 கணவன் மனைவி பெயர்களை இணைக்கும் கோட்டின் மேல் இருந்தது. 1918 கணவர் பெயருக்கு அடியில் இருந்தது. அதே தாளில் இறந்த ஆண்டு உறுதியாகத் தெரிந்த இன்னும் நான்கு பேருக்கும் ‘ம.’ அடியில்தான் இருந்தது. எழுதியவர் ஓர் ஒழுங்கோடுதான் எழுதியிருக்கிறார்: கோட்டின் மேல் மணம், பெயரின் அடியில் மறைவு. இறப்பைக் குறிக்கும் ‘இ.’ என்ற எழுத்தை அவர் எங்குமே பயன்படுத்தவில்லை. பிறகு 1920ஆம் வருடத்துக் கிரயப் பத்திரம் ஒன்று கிடைத்தது. அதில் மைனர் பிள்ளைகளுக்காக அந்த அம்மாளே கார்டியனாக இருந்து கைநாட்டு வைத்திருந்தார். கணவர் உயிரோடு இருந்திருந்தால் அதற்குத் தேவையே வந்திருக்காது. 1918 இன்ஃபுளுயன்சா நாடெங்கும் ஆட்களை வாரிக்கொண்டுபோன வருடம் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே ‘ம. என்றால் என்ன’ என்று என்னிடம் கேட்பதைவிட, உங்கள் தாளில் விடை முன்பே தெரிந்த ஓர் ஆளைப் பிடித்து, அவர் பெயரருகே ‘ம.’ எங்கே, எப்படி நிற்கிறது என்று பாருங்கள். கை மாறினால் பொருளும் மாறும். மையின் நிறம் மாறும் இடங்களில் கூடுதல் கவனம் தேவை.

‘துன்முகி ளு தை மீ யஉ உ’ என்று ஒரு பிறப்புக் குறிப்பு. இது தமிழ்தானா?
— கோயம்புத்தூர் வாசகர்

சுத்தத் தமிழ். குறிகளை எழுத்துகளாகப் பார்த்து யாரோ படியெடுத்திருக்கிறார். மூலத்தில் ‘துன்முகி ௵ தை ௴ ௰௨ ௳’ என்று இருந்திருக்கும். ௵ வருடம், ௴ மாதம், ௳ தேதி. இவற்றுக்கு அச்சு எழுத்து இல்லாதபோது ளு, மீ, உ என்று கோத்துவிடுவது பழைய அச்சகங்களிலும் உண்டு.

நடுவில் இருக்கும் ‘யஉ’ எண். ௰ என்றால் பத்து, ௨ என்றால் இரண்டு; சேர்ந்தால் பன்னிரண்டு. நூற்றிரண்டு அல்ல. பழைய முறையில் பூச்சியத்துக்கு வேலையில்லை. ௲ ஆயிரம், ௱ நூறு, ௰ பத்து. முன்னால் நிற்பது எத்தனை மடங்கு என்று சொல்லும். ௲௮௱௯௰௭ என்றால் ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றேழு. பின்னால் வந்தவர்கள் இதையே ௧௮௯௭ என்றும் எழுதினார்கள். ஒரே தாளில் இரண்டும் வரும், திடுக்கிட வேண்டாம்.

துன்முகி அறுபது வருடங்களுக்கு ஒருமுறை வரும்: 1836, 1896, 1956. பிள்ளைகளின் வயதை வைத்து எது என்று தீர்மானியுங்கள். 1896 என்று வைத்துக்கொண்டால், பிறந்தது 1896 அல்ல, 1897 ஜனவரி. தமிழ் வருடம் சித்திரையில் தொடங்குவதால் தை, மாசி, பங்குனி அடுத்த ஆங்கில ஆண்டில் போய் விழும். பஞ்சாங்கப் பட்டியலைப் பார்த்து ஆண்டை மட்டும் எழுதிக்கொள்பவர்கள் இந்த இடத்தில் தவறாமல் ஒரு வருடம் சறுக்குவார்கள்.

நான்கு சகோதரர்களின் பெயருக்கும் பக்கத்தில் ‘வ’ என்று இருக்கிறது. வாரிசு என்பதன் சுருக்கமா?
— தஞ்சாவூர் வாசகர்

நால்வர், நான்கு ‘வ’. விடை உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. பழைய பின்னக் கணக்கில் ‘வ’ என்றால் கால். ஆளுக்குக் கால் பங்கு. ஆகாதவரை ‘எட்டேகால் லட்சணம்’ என்று திட்டுவார்களே, அதுவும் இதே கணக்குதான்: எட்டு ‘அ’, கால் ‘வ’, சேர்த்தால் அவலட்சணம். பங்குக் கணக்கில் மா என்று வந்தால் இருபதில் ஒன்று, காணி என்றால் எண்பதில் ஒன்று.

‘ப. 1307’ என்று ஒரு நிலக் குறிப்பு. எங்கள் குடும்பம் எழுநூறு வருடமாக இதே ஊரில் இருக்கிறது என்று சொல்லலாமா?
— விழுப்புரம் வாசகர்

சொல்ல வேண்டாம். ‘ப.’ என்பது பசலி. வருவாய்க் கணக்கு ஆண்டு. ஜூலை முதல் தேதி தொடங்கும். 590 கூட்டுங்கள்: 1897 ஜூலை முதல் 1898 ஜூன் வரை. அதே சமயத்தை ஒரு முஸ்லிம் குடும்பத் தாள் ஹிஜ்ரி 1315 என்று குறித்திருக்கும். நாஞ்சில் நாட்டுத் தாள் என்றால் கொல்லம் ஆண்டு 1073. முன்னால் நிற்கும் எழுத்தைப் பார்க்காமல் எண்ணை மட்டும் எடுத்தால் நூற்றாண்டுகள் பறக்கும்.

தாளின் தலைப்பில் ‘உ’ என்று இருக்கிறது. இரண்டாம் பக்கம் என்று பொருளா? முதல் பக்கம் தொலைந்துவிட்டதா?
— சேலம் வாசகி

பிள்ளையார் சுழி. முதல் பக்கம்தான் உங்கள் கையில் இருக்கிறது. இதேபோல் முஸ்லிம் குடும்பத் தாள்களின் தலையில் வரும் 786 ஆண்டும் அல்ல, பத்திர எண்ணும் அல்ல. பிஸ்மில்லாவின் எழுத்து மதிப்புகளைக் கூட்டினால் வரும் தொகை.

கொள்ளுத்தாத்தாவுக்கு வந்த கடிதங்களில் ‘ம-ள-ள-ஸ்ரீ’ என்று போட்டிருக்கிறது. ‘மகாராஜராஜஸ்ரீ’ என்கிறார்கள். ஜமீன் பரம்பரையா?
— சென்னை வாசகர்

விரிவு சரி, முடிவு தவறு. இன்றைய ‘திரு’ போல அன்றைய மரியாதை அது. குமாஸ்தாவுக்கும் உபாத்தியாயருக்கும் போட்டார்கள், ஆங்கிலத்தில் எம்.ஆர்.ஆர்.ஒய். என்றும் எழுதினார்கள். மகுடத்தை விட்டுவிட்டு அதே கடிதங்களில் பெண்களின் பெயர்களைப் பாருங்கள். தேதியிட்ட கடிதத்தில் கல்யாணமான ஒரு பாட்டிக்கு ‘சௌ.’ போட்டிருந்தால் அன்றைக்கு அவர் கணவர் உயிரோடு இருந்தார் என்று எடுத்துக்கொள்ளலாம். சௌபாக்கியவதி என்பது சுமங்கலிக்கு உரிய அடைமொழி. ராஜாவைவிட இது உங்களுக்கு உதவும்.

எங்கள் வீட்டைக் ‘காவன்னா மூனா வீடு’ என்பார்கள். பழைய கணக்கேட்டில் ‘கா.மு.கா.மு.’ என்று நான்கு எழுத்து. எழுதியவர் கை தவறி இருமுறை எழுதிவிட்டாரா?
— காரைக்குடி வாசகி

கை தவறவில்லை ஆச்சி. திண்ணைப் பள்ளிக்கூடத்து வழக்கில் ‘க’ கானா, ‘கா’ காவன்னா, ‘மு’ மூனா. அது உங்கள் விலாசம், அதாவது குடும்பத்தின் முன்னெழுத்துகள். மூத்த மகனுக்குத் தகப்பனாரின் தகப்பனார் பெயரை வைக்கும் வழக்கத்தால் இரண்டே பெயர்கள் தலைமுறைக்குத் தலைமுறை மாறி மாறி வருகின்றன. அந்த நான்கு எழுத்தும் நான்கு தனி ஆட்கள். வரையும்போது கா-1, மு-1, கா-2, மு-2 என்று எண் போட்டுவிடுங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். விலாசம் தொழில் நடத்தும் பெயராகவும் இருந்தது. அந்த ஆள் காலமான பிறகும் கணக்கேட்டில் அது தொடரும். ‘கா.மு. பற்று’ என்று ஒரு வருடத்துக் கணக்கில் இருப்பதால் கா.மு. அன்றைக்கு உயிரோடு இருந்தார் என்று ஆகாது. பிள்ளை கூட்டிக்கொண்ட, அதாவது தத்தெடுத்த வீடுகளில் பையனின் முன்னெழுத்தும் மாறும். பிறந்த வீட்டுத் தாளில் ஓர் எழுத்தோடும் வந்த வீட்டுத் தாளில் வேறோர் எழுத்தோடும் ஒரே ஆள் இருமுறை வருவார். இரண்டு பேர் என்று எண்ணிவிடாதீர்கள்.

திவசக் குறிப்பில் ‘பங்குனி, பூ.ப. சதுர்த்தசி, பூ.’ என்று இருக்கிறது. பூசம், பூரம், பூராடம், பூரட்டாதி, இவற்றில் எது?
— கும்பகோணம் வாசகர்

‘பூ.ப.’ பூர்வ பட்சம், அதாவது வளர்பிறை. தேய்பிறையாக இருந்தால் அபர பட்சம், ‘அ.ப.’ என்று போட்டிருப்பார்கள். பங்குனிப் பௌர்ணமியை ஒட்டி உத்திரம் வரும். பங்குனி உத்திரம் கொண்டாடுவது அதனால்தான். சதுர்த்தசி பௌர்ணமிக்கு முந்தைய திதி. உத்திரத்துக்கு முந்தைய நட்சத்திரம் பூரம். பூசம் மூன்று நாள் முன்னதாகவே போய்விடும். பூராடமும் பூரட்டாதியும் தேய்பிறையில்தான் வரும். ஆகவே முதல் ‘பூ.’ பூர்வம், இரண்டாவது ‘பூ.’ பூரம். வருடத்தின் பெயர் இல்லாததால் ஆங்கிலத் தேதி சொல்ல முடியவில்லை. பின்பக்கத்தில் மங்கலாக ஏதோ எழுதியிருப்பதாகச் சொன்னீர்களே, அதையும் படமெடுத்து அனுப்புங்கள்.