துபாய்க்கு வா என்கிறார் கணவர்: போகவா, இருக்கவா?

மதிப்புக்குரிய மேடம் அவர்களுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

எனக்கு வயது 31. ஊர் கீழக்கரை. இங்கேயே பெண்கள் கல்லூரியில் பி.காம் முடித்தேன். கல்யாணமாகி ஒன்பது வருடம். மகள் மூன்றாம் வகுப்பு, மகன் எல்.கே.ஜி. வீட்டுக்காரர் கல்யாணத்துக்கு முன்பிருந்தே துபாய் சபரில் (வெளிநாட்டு வேலையில்) இருக்கிறார். ஒரு சரக்கு கம்பெனியில் ஸ்டோர் கீப்பராக இருந்தவருக்கு இப்போது சூப்பர்வைசர் வேலை கொடுத்திருக்கிறார்கள், சம்பளமும் கூடியிருக்கிறது. அன்றிலிருந்து ஒரே பேச்சு: "பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு வந்துடு, ஷார்ஜாவில் வீடு பார்க்கிறேன்." ஏப்ரலில் அங்கே பள்ளிக்கூடம் திறக்கிறதாம், அதற்குள் நான் முடிவு சொல்ல வேண்டுமாம். முடிவை அவரே எடுத்துவிட்டு என்னிடம் முடிவு கேட்கிறார். அதுதான் மேடம் எனக்குப் பொறுக்கவில்லை.

இந்த வீடு என் வாப்பா எனக்குக் கொடுத்தது. எங்கள் ஊரில் பெண்ணுக்குத்தான் வீடு, மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார், உங்களுக்குத் தெரிந்திருக்கும். வாப்பா மௌத்தாகிவிட்டார்கள். உம்மா என்னோடுதான் இருக்கிறார்கள். சர்க்கரை, முட்டு வலி. மாதாமாதம் ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது நான். லாத்தா (அக்கா) இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள், அவளுக்கு அவள் பிள்ளைகளைப் பார்க்கவே நேரம் சரி. மேல்மாடி கட்டும்போது கொத்தனாருக்குக் கூலி பேசியதிலிருந்து செங்கல் லோடு எண்ணி இறக்கியது வரை நான்தான் வெயிலில் நின்றேன். பேங்க், கரண்ட் ஆபீஸ், கேஸ் எல்லாம் நான். ஸ்கூட்டி ஓட்டுகிறேன். அங்கே போனால் ஐந்தாவது மாடியில் கதவைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். ஒரு பால் பாக்கெட்டுக்கும் அவர் கையை எதிர்பார்க்க வேண்டும். இத்தனையும் யோசித்தாரா? இல்லை. அவரே முடிவு பண்ணிவிட்டார்.

மாமி வேறு, "என் மகன் இன்னும் எத்தனை நாள் குப்பூஸைத் தின்னுக்கிட்டு கெடப்பான்" என்கிறார்கள். இத்தனை வருடமாக அந்தக் கவலை எங்கே போயிருந்தது? அவர் அனுப்பிய பணத்தில்தானே அவர் தங்கச்சி கல்யாணம் நடந்தது?

செலவைச் சொல்கிறேன் மேடம். ஷார்ஜாவில் ஒரு படுக்கையறை வீடு என்றாலும் வருட வாடகையை நாலு செக்காக முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டுமாம். இரண்டு பிள்ளைகளுக்கும் பள்ளிக் கட்டணம், பஸ் கட்டணம். மகள் இங்கே நன்றாகப் படிக்கிறாள், எதுவானாலும் என்னைக் கேட்டுத்தான் செய்வாள். போன லீவில் அவர் அவளை "போனைக் கீழே வை" என்று அதட்டியபோது அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான், "வாப்பா ஊர்ல இருக்கிறது கொஞ்ச நாள்தான், சொன்னதைக் கேளு" என்றேன். சின்னவன், "இந்த வாப்பா எப்பம்மா ஊருக்குப் போவாங்க" என்று அவர் முன்னாலேயே கேட்டுவிட்டான். எல்லோரும் சிரித்தோம், அவர் சிரிக்கவில்லை. மதுரை ஏர்போர்ட்டில் அவரை விட்டுவிட்டுத் திரும்பும்போது மானாமதுரை தாண்டியதும் எனக்கு ஏனோ மூச்சு லேசாக வந்தது. அதை விடுங்க. நான் சொல்ல வந்தது, இங்கே இருக்கிற படிப்பைக் கெடுத்து அங்கே எதற்குக் காசைக் கொட்ட வேண்டும் என்பதுதான்.

இப்போது எதற்கு இந்த அவசரம் என்று கேட்டால், "பிள்ளைகளோட உட்கார்ந்து சோறு திங்கணும்" என்கிறார். அதற்கு இவ்வளவு செலவா மேடம்? இன்னும் ஐந்து வருடம் பொறுத்தால் கடனும் முடியும், ஊரிலேயே ஒரு கடை வைக்கலாம். கேட்கமாட்டேன் என்கிறார். எல்லா முடிவும் அவரே. நான் போகவா, இருக்கவா? நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

பெயர் வெளியிட விரும்பாத சகோதரி, கீழக்கரை

*

அன்புச் சகோதரிக்கு, வஅலைக்கும் அஸ்ஸலாம்.

வாடகை, பள்ளிக் கட்டணம், மாமியின் பேச்சு, உம்மாவின் முட்டு வலி எல்லாமே நிஜமான கவலைகள். ஆனால் இவற்றுக்கு நடுவில் ஒரு வரியை எழுதி, "அதை விடுங்க" என்று நீங்களே மூடியும் விட்டீர்கள். கணவரை விமானம் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது மூச்சு லேசாக வந்தது என்ற வரி. நான் அதை விடப்போவதில்லை.

முதலில், அந்த மூச்சுக்காக உங்களை நீங்களே குற்றவாளி ஆக்கிக்கொள்ளாதீர்கள். கீழக்கரையிலிருந்தும் பெரியபட்டினம், தொண்டி, வாலிநோக்கம் பக்கமிருந்தும் என்னிடம் வருகிற சபராளி வீட்டுப் பெண்கள் பலர் இதையே சொல்லியிருக்கிறார்கள். கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டுச் சொல்வார்கள். சொன்ன கையோடு, "எனக்கு அவர்மேல் பாசமே இல்லையோ மேடம்" என்று அழுவார்கள். பாசத்துக்கும் இதற்கும் சம்பந்தம் குறைவு.

அமெரிக்காவில் பாலின் பாஸ் என்ற ஆய்வாளர் 1970களில், வியட்நாம் போரில் காணாமல்போன விமானிகளின் மனைவிகளைச் சந்தித்து ஆராய்ந்தார். உடல் வீட்டில் இல்லை, நினைவு முழுக்க வீட்டில் இருக்கிறது. அந்த மனிதர் குடும்பத்துக்கு உள்ளே இருக்கிறாரா, வெளியே இருக்கிறாரா என்று தீர்மானிக்க முடியாத நிலைதான் அந்தப் பெண்களை அதிகமாகக் களைக்க வைத்தது என்று அவர் கண்டார். உங்கள் கணவர் காணாமல் போகவில்லை, போனில் வருகிறார், பணம் அனுப்புகிறார். ஆனாலும் அவர் இருக்கிறாரா இல்லையா என்ற அந்த அரைநிலை உங்கள் வீட்டிலும் உண்டு. நீங்கள் அதைச் சமாளித்த விதம் புத்திசாலித்தனமானது. அவர் இல்லாத இடத்தை மூடி, அவர் இல்லாமலே முழுதாக ஓடும்படி வீட்டை அமைத்துக்கொண்டீர்கள். செங்கல் எண்ணியது, பேங்குக்குப் போனது, மகளை வளர்த்தது எல்லாம் அப்படித்தான் நடந்தது. ஒவ்வொரு லீவிலும் மூடிய இடத்தை மறுபடி திறக்க வேண்டியிருக்கிறது. முதல் வாரம் விருந்து, உறவுக்காரர்கள். இரண்டாம் வாரம் அவர் வீட்டை உற்றுப் பார்க்கத் தொடங்குகிறார். மூன்றாம் வாரம் சின்னச் சின்ன உரசல். அதன்பிறகு பெட்டி கட்டும் வேலை, தொதல், மாசி, ஊறுகாய். அவர் போனதும் வீடு பழகிய வடிவத்துக்குத் திரும்புகிறது. மானாமதுரை தாண்டி உங்களுக்கு வந்த மூச்சு அதுதான்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்த நிம்மதிக்குக் காரணம் பயம் என்றால், அதாவது அவர் கை நீட்டுகிறவர், சந்தேகப்படுகிறவர் என்றால், கீழே எழுதியிருப்பதைப் படிக்காதீர்கள், உடனே எனக்கு மறுபடி எழுதுங்கள். உங்கள் கடிதத்தில் அப்படி ஒரு சாயலும் இல்லை என்பதால்தான் மேற்கொண்டு எழுதுகிறேன்.

ஒன்பது வருடத்தில் நீங்கள் இருவரும் ஒரே வீட்டில் இருந்த நாட்களைக் கூட்டிப் பாருங்கள், ஒரு வருடம் தேறினால் அதிகம். அந்த நாட்களிலும் உம்மா இருந்தார்கள், லாத்தா வந்துபோனாள், மாமி வீட்டு விருந்து இருந்தது. ஷார்ஜாவில் இவர்கள் யாரும் இருக்கமாட்டார்கள். இரவு பிள்ளைகள் தூங்கிய பிறகு அந்த ஒரு படுக்கையறை வீட்டில் நீங்களும் அவரும்தான். சகோதரி, நீங்கள் பயப்படுவது வெளிநாட்டைக் கண்டு அல்ல. அதிகம் பழகியிராத ஒரு மனிதரோடு, அவர் என்றைக்குத் திரும்பிப் போவார் என்ற தேதி இல்லாமல், முதல்முறையாகக் குடித்தனம் நடத்த வேண்டியிருப்பதைக் கண்டு பயப்படுகிறீர்கள். நியாயமான பயம். ஆனால் அதற்கு வாடகைக் கணக்கு பதில் சொல்லாது. வாடகை பாதியாகக் குறைந்தாலும் நீங்கள் வேறொரு காரணம் எழுதியிருப்பீர்கள்.

இனி உங்களுக்குப் பிடிக்காததையும் சொல்ல வேண்டும். "முடிவை அவரே எடுத்துவிட்டார்" என்று திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தின்படியே அவர் உங்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறார், பதிலுக்காகக் காத்துக்கொண்டும் இருக்கிறார். அந்த வீட்டில் கேட்காமல் முடிவெடுக்கப்பட்டது வேறு ஒன்று. "வாப்பா ஊர்ல இருக்கிறது கொஞ்ச நாள்தான்." மகளைச் சமாதானப்படுத்தச் சொன்னீர்கள், எனக்குப் புரிகிறது. அவள் காதில் விழுந்தது என்ன? இவர் சொல்வது சில நாளைக்குத்தான் செல்லும், அதுவரை பொறுத்துக்கொள். அக்காளுக்குப் புரிந்தது தம்பிக்கும் புரியும். அவன் கேட்ட கேள்வி அவனாக யோசித்த கேள்வி அல்ல. அவர் ஏன் சிரிக்கவில்லை என்று நீங்கள் அவரிடம் பிறகு கேட்டதாகக் கடிதத்தில் இல்லை.

அவர் சொன்ன காரணத்தையும் நீங்கள் செலவுக் கணக்கில் சேர்த்துவிட்டீர்கள். பிள்ளைகளோடு உட்கார்ந்து சோறு தின்ன வேண்டும் என்கிறார். கல்யாணத்துக்கு முன்பே கடல் தாண்டியவர், தங்கையைக் கட்டிக்கொடுத்தவர், மேல்மாடிக்குப் பணம் அனுப்பியவர், தனக்கென்று கேட்பது இது ஒன்றுதான். இதைவிடப் பெரிய காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

இன்னும் ஐந்து வருடம் என்கிறீர்கள். அப்போது மகளுக்குப் பதின்மூன்று இருக்கும். ஐந்து வருடம் என்று சொல்லி இருபது வருடமான குடும்பங்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். ஐம்பத்தைந்து வயதில் நிரந்தரமாக வந்து இறங்குகிற அந்த ஆண்கள், சொந்த வீட்டில் எந்த அலமாரியில் எது இருக்கிறது என்று தெரியாமல் நிற்கிறார்கள். பிள்ளைகள் மரியாதையாகப் பேசுகிறார்கள், ஆனால் எதையும் சொல்வதில்லை. மனைவி, "இவங்க வீட்டிலேயே இருக்கிறது எனக்கு ஒரு மாதிரியா இருக்கு" என்று என்னிடம் வருகிறார். இருவருமே நல்லவர்கள். ஒன்றாக வாழப் பழகவேண்டிய வருடங்களை வங்கிக் கணக்கில் போட்டுவிட்டவர்கள்.

போகவா இருக்கவா என்று கேட்டீர்கள். போகலாம் என்ற பக்கம்தான் நான் சாய்கிறேன். மகன் எல்.கே.ஜி.யில் இருக்கும் இந்த வயதில் தந்தையோடு ஒட்டுவது எளிது. ஆனால் இந்த ஏப்ரலுக்குள் அவசரப்பட்டுப் போக வேண்டாம். மனதில் உள்ளதைச் சொல்லாமல் போனால், முதல் சண்டையிலேயே "நான் அப்போதே வேண்டாம் என்றேன்" என்று தொடங்குவீர்கள்.

மே விடுமுறையில் சுற்றுலா விசாவில் போங்கள். 30 நாளுக்கும் 60 நாளுக்கும் கிடைக்கிறது, நீங்கள் 60 நாள் எடுங்கள். முதல் மாதம் விருந்தாகவே போய்விடும், உண்மையான குடித்தனம் இரண்டாவது மாதத்தில்தான் தெரியும். வெயில் கொளுத்தும், கொளுத்தட்டும். நீங்கள் பார்க்கப்போவது வெயிலை அல்ல. வாடகைக்குச் செக் எழுதுவதை அதன்பிறகு வைத்துக்கொள்ளலாம். குடும்ப விசா எடுத்தாலும் ஊர் அறுந்துபோகாது, அந்த நாட்டுக்கு வெளியே ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்து இருந்தால்தான் விசா காலாவதியாகும். வாப்பா கொடுத்த வீடு உங்கள் பெயரிலேயே இருக்கும். கணவர் கையை எதிர்பார்ப்பது பற்றி எழுதியிருந்தீர்கள், அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. வீட்டுச் செலவு உங்கள் கையில், உங்கள் பெயரில் ஒரு கணக்கில் வரவேண்டும் என்று போகும் முன்பே பேசுங்கள். அவர் விசாவில் இருந்தாலும், வேலை தருகிற நிறுவனம் அனுமதி வாங்கினால் நீங்கள் அங்கே வேலை பார்க்கலாம். பி.காம் படித்து, ஒரு மாடி வீட்டைக் கணக்குப் பிசகாமல் கட்டி முடித்தவருக்கு அது எட்டாத ஒன்றல்ல.

இதற்கெல்லாம் முன்னால், பிள்ளைகள் தூங்கிய பிறகு அவருக்குப் போன் செய்து, வாடகை பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் இதைச் சொல்லுங்கள்: "மச்சான், உங்ககூட சேர்ந்தாப்புல இருந்து எனக்குப் பழக்கமே இல்ல. பயமா இருக்கு." விமான நிலைய மூச்சை அவரிடம் சொல்ல வேண்டியதில்லை, இந்த அளவு போதும். அவருக்கும் இதே பயம் இருக்கும் என்றுதான் எனக்குப் படுகிறது. பேச்சு நீண்டால் நீளட்டும். மகள் எவ்வளவு நேரம் போன் பார்க்கலாம் என்பதை இனி அவரே முடிவு செய்யட்டும். அவர் சொன்னதை நீங்கள் நிறைவேற்றுங்கள், "கொஞ்ச நாள்தான்" என்று சேர்க்காமல்.

நீங்கள் போகும் அந்த இரண்டு மாதமும் உம்மாவை ராமநாதபுரம் அழைத்துப்போக வேண்டும். லாத்தாவுக்கு நேரமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். லாத்தாவிடமே கேட்டுப் பார்த்தீர்களா? கேளுங்கள்.