மரம் உக்கிய மொறிஸ் ட்ரவலர்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் வளவில் 1967ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் ட்ரவலர் கார் ஒன்று பன்னிரண்டு வருடமாக மாமரத்தின் கீழ் நிற்கிறது. பின்பக்க மரச்சட்டம் கீழே கறுத்துவிட்டது. எஞ்சின் சுற்றவில்லை. முதலில் எஞ்சினை இறக்குவோம் என்கிறார் மெக்கானிக். சரியா?
– வாசகர், கோண்டாவில்

பதில்: எஞ்சினைக் கடைசியில் பாருங்கள். அது 1098 சீசீ ஏ-சீரிஸ். எவ்வளவு கெட்டாலும் கழற்றிப் பூட்டிவிடலாம். இந்த வண்டியைத் திருத்துவதா, பாகங்களுக்காகக் கழற்றுவதா என்பதை மரமும் அடித்தகடும்தான் சொல்லும். சாதாரண மைனருக்கு உடல் முழுக்கத் தகடு. 1953 முதல் 1971 வரை வந்த ட்ரவலரில் முன்கதவுக்குப் பின்னால் கூட்டைத் தாங்குவதே ஆஷ் மரச்சட்டம். கூரையும் பக்கத் தகடுகளும் அலுமினியம். அழகுக்கு ஒட்டிய பலகை என்று நினைத்து மேலே மெழுகு பூசியவர்களின் வண்டிகள்தான் அதிகம் உக்கின.

மெல்லிய குத்தூசியால் மரத்தைக் குத்திப் பாருங்கள். முதலில் இழுவைக் கண்ணாடிகளுக்குக் கீழே கிடையாக ஓடும் சட்டம். கண்ணாடி ஓடும் தவாளிப்பில் உள்ள கம்பளிப் பட்டி மழைநீரைப் பிடித்து வைத்திருக்கும். உக்கல் பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். அடுத்து நிலைச்சட்டங்களின் அடி முனைகள், பின்கதவுகளின் அடிச்சட்டம், சில்லு வளைவின் மூட்டுகள். ஊசி இரண்டு மில்லிமீற்றருக்கு மேல் சும்மா இறங்கினால் அந்தத் துண்டை மாற்றத்தான் வேண்டும். ஊசி இறங்காத வெறும் கறுப்பு என்றால் அது கறைதான். பழைய வார்னிஷைச் சுரண்டி எடுத்துவிட்டு, ஒரு லீற்றர் சுடுநீருக்கு ஏறக்குறைய 80 கிராம் ஒக்சாலிக் அமிலம் கரைத்துப் பூசினால் வெளுக்கும். கையுறை கட்டாயம். காய்ந்தபின் பல தடவை கழுவுங்கள். மிச்சமிருக்கும் தூளைக் கழுவாமல் உரசினால் மூக்கும் தொண்டையும் எரியும்.

பிறகு வண்டிக்குக் கீழே படுங்கள். முன் இருக்கைகளுக்கு அடியில் குறுக்காக ஓடும் பெட்டிச் சட்டத்தில்தான் முன் சஸ்பென்ஷனின் முறுக்குக் கம்பிகளின் பின்முனை பூட்டப்பட்டிருக்கிறது. அதில் கறள் என்றால் மற்ற எல்லாம் நிற்கட்டும். சில் பகுதியின் (கதவுகளுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டித்தகடு) உள்தகடுகள், ஜக் வைக்கும் இடம், பின் வில்லுத்தகடு தொங்கும் இடம் ஆகியவற்றைச் சுத்தியலால் தட்டுங்கள். கணீர் என்றால் நல்லது. மந்தமாகக் கேட்டால் உள்ளே கறள்தான். சில் பகுதியை வெட்டுவதற்கு முன் கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்புக் கோணச்சட்டம் வைத்து வெல்ட் பண்ணுங்கள். இல்லாவிட்டால் நடு தொய்ந்து, பிறகு கதவு பூட்டாது. மரம் பின் சில்லு வளைவுத் தகட்டில் பூட்டப்படுவதால் தகட்டு வேலை முழுவதும் முடிந்த பிறகே மரம். அவசரத்தில் மரத்தை முதலில் போட்டால், வெல்டிங் பொறி விழுந்து புது மரம் கருகும்.

இனி எஞ்சின். கட்டி இழுத்து ஸ்டார்ட் பண்ணப் பார்க்காதீர்கள். பிளக்குகளைக் கழற்றி, சிலிண்டர் ஒவ்வொன்றிலும் 30 மில்லிலீற்றர் அளவு டீசலும் எஞ்சின் ஒயிலும் கலந்து ஊற்றி நாலைந்து நாள் விடுங்கள். நாலாம் கியரில் போட்டு வண்டியை முன்னும் பின்னும் மெல்ல ஆட்டுங்கள். அசைந்தால் ஒயிலையும் ஃபில்டரையும் மாற்றி, பிளக் இல்லாமலே ஒயில் விளக்கு அணையும்வரை ஸ்டார்ட்டரில் சுற்றுங்கள். பிறகு கொம்பிரஷனை அளந்து, குறைந்த சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு மறுபடி பாருங்கள்: கூடினால் பிழை ரிங்கில், கூடாவிட்டால் வால்வில். வால்வு இடைவெளி குளிர் எஞ்சினில் 0.012 அங்குலம்.

1990களில் மண்ணெண்ணெயில் ஓடிய வண்டி என்றால் சம்பை (எஞ்சினின் அடியில் ஒயில் நிற்கும் தட்டு) கட்டாயம் இறக்குங்கள். முழுவதும் எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரால் இறங்கி ஒயிலைத் தண்ணியாக்கும்; அதில் முதலில் தேய்வது பெரிங்குகள். தட்டல் சத்தத்தோடு ஓடியிருந்தால் பிஸ்டனின் மேல் ரிங் தவாளிப்பும் உடைந்திருக்கலாம்.

கேள்வி: ஆஷ் மரம் இங்கே இல்லை. தேக்கில் செய்யலாமா?
– வாசகர், வவுனியா

பதில்: செய்யலாம். தேக்கு உக்கலுக்கும் கறையானுக்கும் ஆஷை விட நன்றாகத் தாங்கும். அதிர்ச்சியை வாங்கி வளைந்து கொடுப்பதில் ஆஷ் ஒரு படி மேல். தேக்கில் எண்ணெய்ப்பசை இருப்பதால் எபொக்சி பிடிக்காது. ஒட்டுவதற்குச் சற்று முன் மூட்டை அசிற்றோனால் துடையுங்கள். மரத்தின் ஈரம் 12 சதவீதத்தளவில் இருக்கட்டும். தச்சர்கள் அதிகம் பிழைவிடுவது சில்லு வளைவில்: ஒரே பலகையில் வளைவாக அறுத்து எடுத்தால் நார் குறுக்கே வெட்டுப்பட்டு, முதல் பள்ளத்திலேயே பிளக்கும். மூன்று துண்டாக, நார் வளைவோடு ஓடும்படி மூட்டுப் போடுங்கள். திருகாணி பித்தளையாகவோ துருப்பிடிக்காத உருக்காகவோ இருக்கட்டும். தடித்த பொலியூரித்தேன் வார்னிஷ் வேண்டாம். அது வெடித்த இடத்தால் நீர் புகுந்து வெளியே வர வழியில்லாமல் நிற்கும். ஈரம் மூச்சுவிடக்கூடிய வெளிப்புற மரப்பூச்சு மூன்று கை போதும்.

தகட்டுப் பாகங்களுக்கு அலையாதீர்கள். மைனருக்கான பாகங்கள் இலங்கையிலேயே செய்யப்பட்டு பிரிட்டனுக்கு ஏற்றுமதியாகியிருக்கின்றன.

கேள்வி: லண்டனில் ஒரு ட்ரவலர் விலைக்கு வருகிறது. மரம் புதிது, எம்ஓடி (பிரிட்டனின் வருடாந்த வாகனச் சோதனை) தேவையில்லை என்கிறார் விற்பவர்.
– வாசகி, ஹரோ

பதில்: எம்ஓடி விலக்கு உண்மைதான். 2018 மே முதல், பெரிய மாற்றம் செய்யப்படாத 40 வயது தாண்டிய கார்களுக்கு அது கட்டாயமில்லை. ஆனாலும் காசு கொடுக்க முன் விரும்பிச் செய்யும் சோதனையாக ஒருமுறை போடச் சொல்லுங்கள். ட்ரவலரின் மரத்தையும் உடலின் பாகமாகவே சோதனையில் பார்ப்பார்கள். உக்கல் இருந்தால் தவறும். மறுத்தால் விலகுங்கள். புது மரத்தின் உள்பக்கம் பாருங்கள்: பழைய சில்லு வளைவுத் தகடு கறளோடு இருக்க, மரம் மட்டும் மாற்றிய வண்டிகள் உண்டு. கையில் சிறிய காந்தமும் வைத்திருங்கள். கூரையின் பின்பகுதியில் ஒட்டாது, அது அலுமினியம். சில் பகுதியில் ஒட்டாவிட்டால் அங்கே இருப்பது தகடல்ல, ஓட்டையை மறைக்கப் பூசிய பட்டி.

முன்சில்லைத் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ட்ரனியன் (முன்சில்லைத் தாங்கித் திரும்பும் மரை மூட்டு) தேய்ந்திருக்கலாம். மரை முற்றாகத் தேய்ந்தால் ஓடும்போதே சில்லு உள்ளே மடியும். 1,600 கிலோமீற்றருக்கு ஒருமுறை, சில்லு தரையில் படாமல் தூக்கிவைத்து, கிறீஸ் அடிக்க வேண்டும். பாரத்தோடு அடித்தால் தேயும் பக்கத்துக்குக் கிறீஸ் போகாது. பிரேக் மாஸ்டர் சிலிண்டர் சாரதியின் காலுக்குக் கீழே, சட்டத்துக்குள் ஒளிந்திருக்கும். கழற்றும்போது முறுக்குக் கம்பி போல்ட்டை மறிக்கும். திரும்பப் பூட்டும்போது போல்ட்டை மறுபக்கத்தால் செருகிவிட்டால் அடுத்தமுறை கழற்றுபவர் உங்களை வாழ்த்துவார்.

கேள்வி: மைனரில் புது ரேடியோ பூட்டியதும் ஃபியூஸ் போய்விட்டது. ஏன்?
– வாசகர், மட்டக்களப்பு

பதில்: மைனருக்குக் கடைசிவரை பட்டறியின் நேர்முனைதான் உடலோடு இணைப்பு. இன்றைய ரேடியோக்கள் அதற்கு எதிர். எதிர்முனையை உடலோடு இணைக்கும்படி மாற்ற விரும்பினால் பட்டறி வயர்களை இடம் மாற்றிப் பூட்டுங்கள், கொயிலின் இரண்டு வயர்களையும் இடம் மாற்றுங்கள். டைனமோவின் எஃப் முனை வயரைக் கழற்றி, பட்டறியின் உயிர்முனையிலிருந்து (உடலோடு இணைக்காத முனை) ஒரு வயரால் அந்த முனையை இரண்டு மூன்று தடவை சும்மா தொடுங்கள். சிறு பொறி வரும், போதும். இதைச் செய்ய மறந்தால் டைனமோ எதிர்த்திசையில் மின் தரும். பழைய எஸ்யூ பெற்றோல் பம்புக்குத் திசை பிரச்சினையில்லை, எலெக்ட்ரோனிக் பம்புக்கு உண்டு. மாற்றியதைப் பொனட்டின் உள்பக்கம் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். அடுத்த மெக்கானிக் பழைய முறைப்படி பட்டறியைப் பூட்டிவிடுவார்.